பழைய கார் வாங்குமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு வயதான ஒரு சின்ன பெட்ரோல் காரை இரண்டு லட்சத்துக்குள் வாங்கி, இன்னும் ஏழெட்டு ஆண்டு நிம்மதியாக ஓட்ட முடியும். கோவையில் பட்டறை நடத்தும் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. என்னிடம் வழக்கமாக வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அப்படி வாங்கப்பட்டவைதான். அதே விலைக்கு அதே மாடலை வாங்கி, ஆறே மாதத்தில் நொந்துபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களையும் பார்க்கிறேன். வாங்கும் நாளில் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டால், இவர்கள் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: பெயின்ட் புதிதாக இருந்தது, சீட் கவர் நன்றாக இருந்தது, மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்தது, "ஏசி ஜில்லுன்னு இருந்துச்சுங்ணா."

இவை எல்லாமே விற்பவர் சில ஆயிரம் ரூபாயில் செய்துவிடக்கூடியவை. டிஜிட்டல் மீட்டரைக் குறைத்து வைப்பது அரைமணி நேர வேலை. 40 ஆயிரம் ஓடியதாகச் சொல்லும் காரில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், ஸ்டியரிங் பளபளத்துக் கிடந்தால், அந்த எண்ணை நம்ப வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால், பழைய சர்வீஸ் விவரங்கள் அங்கே இருக்கும். ஓனரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். ஒழுங்காகச் சர்வீஸ் செய்து ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார், பில் ஒன்றும் இல்லாத 50 ஆயிரம் கிலோமீட்டர் காரைவிட எனக்கு மேல்.

நம் ஊர் வெயிலில் சின்ன கார்களின் என்ஜினைக் காலி பண்ணுவது வயதைவிடச் சூடுதான். அதனால் கூலிங் சிஸ்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கார் பார்க்கப் போகும்போது, காலையில், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யாத நேரத்தில் போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். என்ஜின் முழுக்க ஆறியிருந்தால் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ தெளிவான கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இருந்தால் நல்லது. துருப்பிடித்த காவி நிறத் தண்ணீர் இருந்தால், முன்பு வைத்திருந்தவர் பல காலமாகக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைத்துவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பிசுக்கு இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே ஆயிலும் கூலண்ட்டும் கலக்காமல் தடுக்கும் தகடு) மீதே சந்தேகம் வரவேண்டும். மஞ்சள்தூள் வாசம் வந்தாலும் உஷாராகுங்கள். ஒழுகும் ரேடியேட்டரை வழியில் சமாளிக்க மஞ்சள்தூள் போடுவது இங்கே பழைய வழக்கம். பட்டறை வரைக்கும் வண்டியைக் கொண்டுவர அது சரி, அப்படியே விற்பது சரியில்லை.

அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போடாமல், நிறுத்திய இடத்திலேயே பதினைந்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். சூடு ஏறியதும் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி, சூடு இறங்கியதும் தானாக நிற்க வேண்டும். சாவியைத் திருப்பியதுமே ஃபேன் ஓட ஆரம்பித்தால், யாரோ அதை 'டைரக்ட்' பண்ணிவிட்டார்கள். சூடாகும் வண்டிக்குக் காரணம் தேடாமல் ஒயரை நேராக இழுத்து ஃபேனை எப்போதும் ஓடவைக்கும் வேலை இது. இதன் கூடப்பிறந்தது தெர்மோஸ்டாட்டை, அதாவது என்ஜின் சூடாகும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வை, கழற்றி எறிவது. அதைக் கழற்றினால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், அதுவரை பெட்ரோல் கூடுதலாகப் பாயும், மைலேஜ் விழும். எங்கள் தொழிலிலேயே பலர் இதை ஒரு வைத்தியம் மாதிரி செய்துகொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்ப் பொருள். அதைக் கழற்றி மிச்சம் பிடிப்பவரிடம் உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி ஒரு காரை வாங்கி, குழந்தைகளோடு குன்னூருக்குக் கிளம்பியது. சமவெளியில் ஒன்றும் தெரியவில்லை. பர்லியாறு தாண்டி ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போயிருக்கிறது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே, மேலே போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டியிருக்கிறார்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது. லேத்துக்கு அனுப்பி, கேஸ்கெட் மாற்றி, ரேடியேட்டர் புதிதாகப் போட்டதில் கார் வாங்கிய விலையில் கால்பங்கு போய்விட்டது. முள் பாதிக்கு மேலே ஏறினால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்துங்கள். சில கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்த பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

அடுத்தது டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தப்பாமல் திறந்து மூடவைக்கும் பெல்ட். பழைய சான்ட்ரோ, 800 சிசி ஆல்டோ, ஐ10 காரின் 1.1 என்ஜின் எல்லாம் பெல்ட்டில் ஓடுபவை. 2010 முதல் வந்த வேகன்ஆர், ஐ10 காரின் 1.2 கப்பா என்ஜின் இவற்றில் செயின். பெல்ட் என்றால், எப்போது மாற்றியது என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளையும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் தனிக்கவலை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் சீட் தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டை ஒரு மூலையில் தூக்கி முகருங்கள். மூழ்கிய வண்டியில் ஒயரிங் கோளாறு இரண்டு வருடம் கழித்தும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

டெல்லி வண்டி என்று ஒரு ரகம் உண்டு. 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு அந்தப் பகுதியில் 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் தடை போட்டதிலிருந்து, நல்ல கண்டிஷனில் உள்ள கார்கள்கூட மலிவாகத் தெற்கே வருகின்றன. ஆனால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வரவேண்டும், இங்கே வரி கட்டி மறுபதிவு செய்யவேண்டும். இதையெல்லாம் கூட்டினால் உள்ளூர் வண்டி விலைக்கே வந்து நிற்கும். "என்ஓசி அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொல்லும் புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆர்சி விஷயத்தில் அவசரமே கூடாது. எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், பதிவு எதுவரை, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று தெரியும். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்கும் 35ஆம் படிவமும் கையில் வரட்டும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு எஃப்சி (வண்டித் தகுதிச் சோதனை) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி. 14 வயதுக் காருக்குப் பேரம் பேசும்போது இதையும் கழித்துப் பேசுங்கள். பணம் கொடுத்ததும் 29, 30ஆம் படிவங்களைப் போட்டுப் பெயர் மாற்றிவிடுங்கள், இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பவருக்கும் இது முக்கியம்: பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்சியில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது.

எந்த மாடல் என்று கேட்டால், ஆல்டோ, வேகன்ஆர், பெட்ரோல் ஸ்விஃப்ட், ஐ10. எந்தச் சின்ன ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய என்ஜின். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது, ஆனாலும் அதற்கு இன்றும் பொருள் கிடைக்கிறது. பாடியில் துரு இல்லாமல் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். செவ்ரோலே 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்தியது. அந்தக் கார்கள் மலிவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம், முதல் கார் வாங்குபவருக்கு நான் சொல்லமாட்டேன். தினமும் நீண்ட தூரம் ஓட்டாதவருக்குப் பழைய டீசலும் வேண்டாம். இன்ஜெக்டரும் டர்போவும் சேர்ந்து கேட்டால் அந்தச் செலவில் இன்னொரு பெட்ரோல் காரே பாதி வாங்கிவிடலாம்.

வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் மாதத்தில் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில், தேவைப்பட்டால் பெல்ட், டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் (தரையில் படும் வரிகள்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வயதான டயரை மாற்றிவிடுங்கள். இந்தக் கார்களில் பலவற்றுக்கு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. அதனால் பிரேக், டயர், சீட் பெல்ட் மூன்றுக்கும் செலவு செய்த பிறகுதான் மியூசிக் சிஸ்டம்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். வாரம் ஒருநாள் காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அந்த பெட்ரோல்தான். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பெட்ரோல் குழாய்களை வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் மாலைவரை காத்திருக்க வேண்டாம்.

என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எதையும் திரும்பச் செய்துகொள்ளலாம். ஆனால் ரன்னிங் போர்டிலும் (கதவுக்குக் கீழே உள்ள பாடிப் பகுதி), சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களிலும், தரையிலும் துரு ஓட்டை போட்டுவிட்டால் அதற்குமேல் செலவு செய்யாதீர்கள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து இன்னொரு குடும்பத்துக்கு விற்கவும் வேண்டாம். அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழ் வாங்கி, ஆர்டிஓவில் பதிவை ரத்து செய்துவிடுங்கள். அந்தச் சான்றிதழைக் காட்டினால் அடுத்து புதிய கார் வாங்கும்போது பதிவுக் கட்டணம் கிடையாது.