ஏறின கியரிலேயே இறங்கு

“கொல்லிமலையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்தானே? ‘ஏறின கியர்லயே இறங்கு’ என்று அனுபவசாலி நண்பர் அதட்டுகிறாரே, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். நண்பர் சொன்னதே சரி, பெட்ரோல் கணக்கிலும்.

ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1.2 கோடி ஜூல் வெளிப்படும். 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கையே நம்பினால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடில் உள்ள பிசின் கருகிப் பிடி தளரும். பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிரேக் ஆயிலின் கதை இன்னும் மோசம். டாட் 3 ரகப் புது பிரேக் ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆவிக்குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. மலைக்குக் கிளம்பும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பவர்கள், பிரேக் ஆயில் மாற்றி 2 ஆண்டு ஆகிவிட்டதா என்பதை அவசியம் பார்க்க வேண்டும். காப்பாற்றுவது அதுதான்.

இனி இன்ஜின். கியரில் இறங்கும்போது, காற்றை அழுத்துவதால்தான் அது வண்டியைப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்திய காற்று ஸ்பிரிங் போல. செலவழித்ததில் பெரும்பகுதியை அடுத்த வீச்சில் பிஸ்டனுக்கே திருப்பித் தந்துவிடும். பெட்ரோல் இன்ஜினில் உண்மையான பிடி காற்றை இழுக்கும் வீச்சில் இருக்கிறது. ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வரும் வழி ஏறக்குறைய மூடிக்கொள்ள, ஒவ்வொரு பிஸ்டனும் அப்படித்தான் வெற்றிடத்தை எதிர்த்துத் திணறி இழுக்கிறது. 2-ஆம் கியரில், நிமிடத்துக்கு 2,500 சுற்றில், 4 சிலிண்டருக்கும் சேர்த்து 5,000 தடவை! இழுக்கும் சக்தியைச் சக்கரமே தருவதால் வேகம் அடங்குகிறது. அதற்குள் கணினி பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிந்தாக வேண்டும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாக ஒருமுறை மிதித்து விட்டுவிட வேண்டும். லேசாக மிதித்துக்கொண்டே போனால் டிஸ்க் ஆற நேரமில்லை. பெடல் தளர்ந்தால் விட்டு விட்டுப் பலமுறை மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள்: மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர், இன்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் அதே வெற்றிடத்தால்தான் இயங்குகிறது, அணைத்தபின் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும்.