கும்பமேளா, காசின்னு கிளம்புற சுகர் பேஷண்ட்ஸுக்கு

நான் சுகர் டாக்டர். தை மாசம் முடிஞ்சு பிரயாக்ராஜ், காசி போயிட்டு வர்றவங்கள்ல சிலர் ஒரு கையில தீர்த்தச் செம்போட, கால்ல பெரிய கொப்புளத்தோட வந்து உக்காருவாங்க. கேட்டா "குளிச்சிட்டு குளிர் தாங்காம நெருப்புல கால காட்டினேன் டாக்டர், சுட்டதே தெரியல"ம்பாங்க. தெரியாதுங்க, ரொம்ப வருஷமா சுகர் இருந்தா பாத நரம்பு மரத்துப் போயிருக்கும். ஷூவக் கழட்டிட்டு படித்துறையில நடக்குறப்ப கல்லு குத்தினாலும் அதே கதைதான், அதனால குளிச்சு முடிச்சதும் கால நல்லா துடைச்சு உள்ளங்கால கண்ணால பாத்துடுங்க.

இதவிட எனக்கு பயம் விரதம்தான். காலைல ஒண்ணும் சாப்பிடாம கிளிமிபிரைடு மாத்திரைய மட்டும் பழக்க தோஷத்துல போட்டுருவாங்க, அது நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலின சுரக்க வைக்கும், வண்டிய வேற தூரத்துலயே நிறுத்திடுறதால மூட்டையோட கிலோமீட்டர் கணக்கா நடை, சுகர் சர்ருன்னு இறங்கிடும். வேர்க்கும், நடுங்கும், சம்பந்தமில்லாம பேசுவாங்க. சுத்தி இருக்கவங்க சாமி வந்துருச்சுன்னு விபூதி பூசுவாங்க! அப்ப வேண்டியது மூணு ஸ்பூன் சர்க்கரை, உடனே. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும், நேரா மெடிக்கல் கேம்ப்புக்கு தூக்கிட்டு போங்க. விரத நாளுக்கு மாத்திரை அளவு மாறும், கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, நீங்களா நிறுத்தவும் வேணாம்.

இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சவங்க ஜனவரி விடியக்காலைல ஒரே முங்கா முங்காதீங்க, ரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் எகிறும். வெயில் வந்தப்புறம் கால் நனைச்சு, கை நனைச்சு, மெதுவா இறங்குங்க. தலையில தெளிச்சுக்கறதும் நம்ம வழக்கத்துல உள்ளதுதானே (இத சொன்னா சிலர் முறைப்பாங்க).

கால்ல புண்ணு இருந்தா ஆத்துல இறங்கவே வேணாம். குளிக்கிற தண்ணிக்கு 100 மில்லில 2500க்கு மேல மலக்கிருமி இருக்கக்கூடாதுன்னு அளவு இருக்கு, 2025 கும்பமேளாவுல அது தாண்டினதா மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே ரிப்போர்ட் குடுத்துச்சு, உபி அரசு மறுத்துச்சு, அந்த சண்டை நமக்கு வேணாம், புண்ணுக்கு அரசியல் தெரியாது.

2028ல கும்பகோணத்துல மகாமகம் வருது. அங்க இந்தக் குளிர் இருக்காது, ஆனா கூட்டம் இருக்கும், 1992ல நெரிசல்ல எத்தன உயிர் போச்சுன்னு நமக்கே தெரியும். மாத்திரை, சர்க்கரைப் பொட்டலம், பேரும் வீட்டு நம்பரும் எழுதின சீட்டு மூணும் இடுப்புல இருக்கட்டும், லாட்ஜ் பெட்டில வேணாம்.