விண்டேஜ்: திராட்சைத் தோட்டத்துச் சொல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ‘பழைய சாமான்’ என்றால் எல்லாருக்கும் புரியும். கடைப் பலகைகளில் ‘ஆண்டிக்’ ஏறியது பிறகு. இப்போது சென்னை, பெங்களூரு பக்கமிருந்து வரும் இளவட்டங்கள் எனாமல் தூக்கைக் கையிலெடுத்து, “அண்ணே, இது விண்டேஜா?” என்கிறார்கள். “நூத்தம்பது வருசத்துச் சாமான் தம்பி” என்று பதில் வரும். இரண்டும் ஒன்றல்ல.

லத்தீனில் ‘வீனும்’ என்றால் திராட்சை மது. ‘தேமெரே’ என்றால் எடுத்தல். இரண்டும் கூடிய ‘விந்தேமியா’ திராட்சை அறுவடையைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போய், மது எந்த ஆண்டு அறுவடையில் ஆனது என்று சொல்லும் சொல்லாயிற்று. நல்ல ஆண்டுச் சரக்கு என்ற மதிப்பும் கூடவே ஒட்டிக்கொண்டது. கார்ப் பிரியர்கள் 1919 முதல் 1930 வரை வந்த வண்டிகளுக்கு இதையே பெயராக வைத்தார்கள். ஆக, வெறும் பழசுக்கு இந்தப் பெயர் பொருந்தாது. இன்ன காலத்துச் சரக்கு என்று தெரிய வேண்டும்.

அதைச் சாமானே சொல்லும். தூக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ‘செக்கோஸ்லோவாகியா’ என்று முத்திரை இருந்தால், அந்த நாடே 1918-இல்தான் பிறந்தது. நூற்றைம்பது வருசக் கதை அங்கேயே முடிந்தது.

‘ஆண்டிக்’ வேறு வழி. முற்பட்டது என்னும் பொருளுள்ள லத்தீன் ‘ஆந்தீக்குவுஸ்’ அதன் வேர். இந்தியாவில் இதற்குச் சட்ட வரையறையே உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறு வயதானால் தொல்பொருள். இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிகளுக்கு எழுபத்தைந்தே போதும். கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளும் இதில் அடக்கம். செட்டிநாட்டுக்கு இது முக்கியம். இடித்த வீட்டின் பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் நூறு தாண்டியிருந்தால் தொல்பொருள்தான். வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது.

இளையவர்கள் தூணை வாங்குவதில்லை என்பது வேறு விஷயம். அடுக்ககத்தில் அதை எங்கே நிறுத்துவது? மங்குக் கிண்ணம், பிஸ்கட் டின், சாவி கொடுக்கும் கடிகாரம் என்று அலமாரியில் அடங்குவதையும், அன்றாடம் புழங்கக்கூடியதையும்தான் தேடுகிறார்கள். அவர்கள் கேட்கும் ‘விண்டேஜ்’ அந்த வகையில் சரியான சொல்லே.

தமிழில் என்ன சொல்வது? ஆண்டிக்கிற்குச் சட்டம் பேசும் இடத்தில் ‘தொல்பொருள்’, கடைப் பேச்சில் ‘பழம்பொருள்’. பழமையும் பொருளும் சேர்ந்து ‘மை’ கெட்டு, இனமான ‘ம்’ மிகுந்தது. திராட்சைப் பழத்துக்கும் இதற்கும் உறவில்லை! விண்டேஜை நூல்களில் ‘பழங்கால’ என்று பெயர்ப்பார்கள். எனக்கு அது சோழர் காலம்வரை இழுக்கிறது. ‘அக்காலப் பொருள்’ மேல். அதைவிட, “எங்க ஐயா காலத்துச் சாமான்” என்று இந்தப் பக்கத்து வீடுகளில் சொல்வது காலத்தையும் காட்டிவிடுகிறது.

இன்னொன்று ‘ரெட்ரோ’: பின்னோக்கி என்று பொருள். போன மாதம் செய்து, பழைய வண்ணம் பூசியது. இதற்குப் ‘பழம்பாணி’ என்பது கச்சிதம். வாங்கினால் தவறில்லை, ஆனால் ரசீதில் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள், விலையும் இறங்கும்.