லாயம் மாறினால் குதிரைக்கு வயிறு ஏன் புண்ணாகிறது?

பூச்சோங் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மாமா சுங்கை பீசி பந்தயத் திடலில் குதிரை பார்த்துக்கொள்கிறார். அண்மையில் வேறு லாயத்திலிருந்து வந்த குதிரை ஒன்று, தீனியைப் பாதியில் விட்டுவிடுகிறதாம். சேணவாரை இறுக்கப் போனால் கடிக்க வருகிறதாம். திருஷ்டி என்று சொல்லி வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார்கள். உண்மையில் குதிரைக்கு என்ன ஆயிற்று என்பதே வாசகரின் கேள்வி. 2024 அக்டோபர் 5-இல் சிங்கப்பூரின் கடைசிப் பந்தயம் முடிந்தபின் அங்கிருந்து பல குதிரைகள் மலேசியாவுக்கு வந்தன. ஆகவே இது ஒரு குதிரையின் கதை மட்டுமல்ல.

மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். என் சந்தேகம் இரைப்பைமேல்.

நமக்குச் சோற்றைக் கண்டாலே வாய் ஊறும். குதிரைக்கு ஊறாது, தாடை அசைந்து மென்றால்தான் உமிழ்நீர் சுரக்கும். இரைப்பை அமிலமோ தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். நாளில் பதினாறு மணிநேரம் மேய்ந்த விலங்குக்கு இது கச்சிதமான ஏற்பாடு. மென்றுகொண்டே இருந்தால், பைகார்பனேட் கலந்த உமிழ்நீர் இறங்கி அமிலத்தைத் தணிக்கும். ஒரு கிலோ உலர்புல்லை மெல்ல ஏறக்குறைய நாற்பது நிமிடம் பிடிக்கும்; ஒரு கிலோ ஓட்ஸ் பத்தே நிமிடத்தில் காலி. பந்தயக் குதிரைக்குப் புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டும்போது, உமிழ்நீரையும் சேர்த்தே குறைத்துவிடுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். குதிரையின் இரைப்பைக்குள் இரண்டு விதச் சுவர்கள். கீழ்ப்பகுதி அமிலத்தைச் சுரக்கும். தன்னைக் காத்துக்கொள்ளச் சளிப்படலமும் பூசிக்கொள்ளும். மேல்பகுதியின் தோல் உணவுக்குழாயின் தோலைப் போன்றது, அந்தப் பூச்சு அதற்குக் கிடையாது. நடுவே மடிப்பாக ஓர் எல்லைக்கோடு. குதிரை சும்மா நிற்கும்போது அமிலம் கோட்டுக்குக் கீழேயே கிடக்கும். ஓடத் தொடங்கியதும் வயிற்றுத் தசைகள் இறுகி இரைப்பையை நெருக்கும். பாதி நிரம்பிய தே தாரிக் புங்குஸ் பையை அமுக்கிப் பாருங்கள், தேநீர் கழுத்துவரை ஏறும். அப்படித்தான் அமிலமும் மேலேறி, காப்பில்லாத தோலைச் சுடுகிறது. உள்ளே புல் இருந்தால் அது திரவத்தின்மேல் பாய்போல் மிதந்து தளும்பலைத் தடுக்கும். விடியலில் வெறும் வயிற்றோடு ஓடும் குதிரைக்கு அந்தப் பாய் இல்லை. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இடமாற்றம் எங்கே வருகிறது? மந்தை விலங்கு அது. பழகிய பக்கத்துக் குதிரை இல்லை, தீனி நேரம் வேறு, லாரிப் பயணத்தில் பட்டினி. தலையைத் தூக்கிச் சத்தம் கேட்டபடி நிற்கும் குதிரை மெல்லாது, அமிலம் நிற்காது. ஐந்தே நாளில் புண் உண்டாவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. புதிய இடத்தில் பயந்து படுக்காமலும் இருக்கும். நின்றபடி கண்ணயரலாம், கனவுத் தூக்கத்துக்குப் படுத்தே ஆகவேண்டும்.

புண்ணைக் கண்டறிய மூன்று மீட்டர் நீளமுள்ள உள்நோக்கிக் குழாய் வேண்டும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவத் துறை திடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பந்தயத்தில் புரளும் பணத்தில் ஒரு துளியை நம் வெப்பத்தில் வாழும் குதிரைகளைப் பற்றிய ஆய்வுக்கு ஒதுக்கினால் என்ன? எந்த நம்பர் ஜெயிக்கும் என்று ஜோசியரிடம் கொட்டும் காசே போதும் என்பேன்!

மாமாவிடம் சொல்லுங்கள்: பயிற்சிக்கு அரைமணி முன்னால் கொஞ்சம் உலர்புல், முடிந்தால் குதிரைமசால் என்ற தீவனப்பயிர், அதிலுள்ள கால்சியமும் அமிலத்தைத் தணிக்கும். இரவிலும் புல் தீராமல் இருக்கட்டும். பழைய தீனி நேரத்தையே தொடரலாம், கூட வந்த குதிரையை அடுத்த கொட்டடியில் கட்டலாம். புண் உறுதியானால் மருத்துவர் ஒமெப்ரசோல் கொடுப்பார், வழக்கமாக நான்கு வாரம். அது அமிலச் சுரப்பை அடக்கிப் புண் ஆற வழிவிடும். தீனி முறை மாறாமல் மருந்தை மட்டும் நிறுத்தினால் புண் திரும்ப வருவது சாதாரணம்.