கட்டிச் சவர்க்காரத்தில் நுரை வரவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கழுத்தெல்லாம் சிவந்து பருவாக எழும்புகிறது, ஷேவ் எடுத்த இரவு எரிச்சல் தாங்க முடியவில்லை, தாடை ஓரம் கறுத்துக்கொண்டு வருகிறது என்று தோல் கிளினிக்குக்கு வருகிற ஆண்களிடம் நான் முதலில் கேட்பது பிளேட்டைப் பற்றி இல்லை, "வீட்டில கிணத்துத் தண்ணியா, பைப் தண்ணியா?" என்பதைத்தான். வருத்தத்துக்கு மருந்து கேட்டு வந்தவரிடம் கிணற்றைப் பற்றி ஏன் விசாரிக்கிறார் என்று சிலர் முழிப்பார்கள். மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி பக்கமிருந்து வருகிற பலருக்குப் பிரச்சினை தொடங்குகிற இடமே அதுதான்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டின்னில் வருகிற நுரையின் விலை ஏறிவிட்டதால் நிறையப் பேர் கட்டி ஷேவிங் சோப்புக்கும் பிரஷுக்கும் திரும்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும், தோலுக்கும் நல்லது, நான் தாராளமாகச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் டின்னை அழுத்தினால் நுரை தானாக வரும், அதற்குத் தேவையான தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. கட்டிச் சவர்க்காரத்துக்குத் தண்ணீரை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கிற தண்ணீர் சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சோப்பும் கை விட்டுவிடும்.

எழுவான்கரையில் நாங்கள் குடியிருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய மணல் திட்டில். மழை பெய்து மணலுக்குள் இறங்குகிற நல்ல தண்ணீர், கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்தபடி நிற்கிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மாரியில் பரவாயில்லை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மேலிருக்கிற நல்ல தண்ணீர் குறையக் குறைய, அள்ளுகிற தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். அதோடு பல கிணறுகளில் கல்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருக்கின்றன. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிற வீடென்றால் உங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர்தான், வேறு சோதனை தேவையில்லை.

சவர்க்காரம் இந்தக் கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்தால் நுரைக்காது, திரைந்துபோய் அழுக்குப் போல மிதக்கும். வாளி விளிம்பில் ஒட்டுகிற அந்தச் சாம்பல் நிறப் படை அதுதான். லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை இருந்தால் மிகக் கடினத் தண்ணீர் என்பார்கள். 250 மில்லிகிராம் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை கிராம் சவர்க்காரத்தை வீணாக்கிய பிறகுதான் அடுத்து வருவது நுரையாகும். உப்பும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம், உப்புக் கூடக்கூடச் சவர்க்காரம் தண்ணீரில் கரையவே மறுக்கும். கடல் தண்ணீரில் சோப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்; அதில் மக்னீசியம் மட்டுமே லீற்றருக்கு 1.3 கிராம் அளவில் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரேமாதிரி இரண்டு வெறும் போத்தல் எடுத்து, ஒன்றில் கால்வாசிக்குக் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் அதே அளவு ஆர்.ஓ. (இயந்திரத்தில் சுத்திகரித்த) தண்ணீரும் விட்டு, ஷேவிங் சோப்பைக் கத்தியால் சுரண்டிச் சமமான துருவல் போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். ஆர்.ஓ. போத்தலில் நுரை கழுத்துவரை எழும்பி அப்படியே நிற்கும். கிணற்றுத் தண்ணீர் கடினமென்றால் அந்தப் போத்தலில் கொஞ்சம் எழும்பி உடனே அடங்கி, தண்ணீர் பால் நிறமாகி மேலே துணுக்குத் துணுக்காக மிதக்கும். ஷாம்புவைப் போட்டுச் சோதிக்க வேண்டாம், அது வேறு வகைப் பொருள், கடினத் தண்ணீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றிவிடும்.

சரி, இதற்காக வீட்டுத் தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஷேவ் எடுக்க வேண்டியது ஒரு கோப்பைத் தண்ணீர். உன்னிச்சைக் குளத்துப் பைப் தண்ணீர் வருகிற வீடென்றால் முதலில் அதைப் பாவித்துப் பாருங்கள். இல்லையென்றால் குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு கோப்பை போதும், மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வடித்து வைத்தாலும் சரிதான். கொதிக்க வைத்தால் கடினத்தன்மை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு பகுதிதான் போகும், மிச்சம் அப்படியே இருக்கும், உப்பு ஒரு துளியும் குறையாது. சலவைச் சோடாவைக் கலந்து பார்க்கும் பழக்கமும் இருக்கிறது, அதை முகத்துக்குச் செய்ய வேண்டாம், தோல் எரியும்.

சோப்பையும் பாருங்கள். குளிக்கிற சவர்க்காரத்தைக் கன்னத்தில் தேய்த்துவிட்டு ஷேவ் எடுப்பவர்கள் இன்னும் அதிகம். தேங்காய் எண்ணெய் சேர்த்த சவர்க்காரத்தில் பெரிய பெரிய குமிழாக நுரை உடனே வரும், உடனே உடையும், பிளேட் கன்னத்துக்கு வருமுன் அங்கே ஒன்றும் இருக்காது. ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம், அதோடு சோடியத்துடன் பொட்டாசியமும் சேர்த்துச் செய்வார்கள், அதனால் குமிழ் மிகச் சிறிதாகி நுரை நிலைத்து நிற்கும்.

செய்முறைக்கு வருவோம், பெரும்பாலானோர் அவசரப்படுவது இங்கேதான். பிரஷ் பன்றி மயிர் போன்ற இயற்கை மயிரால் ஆனது என்றால் முதலில் சில நிமிடம் நல்ல தண்ணீரில் ஊற விடுங்கள், செயற்கை நாரென்றால் நனைத்தால் போதும். கட்டியின் மேல் ஒரு கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், அந்த நேரத்தில் முகத்தைக் கழுவி ஈரத்தோடு வைத்திருங்கள், ஏனென்றால் தாடி முடி தண்ணீரை உறிஞ்சி உப்பி மெத்தென்று ஆவதற்கும் அவ்வளவு நேரம் வேண்டும், காய்ந்த முடியை வெட்டப் பிளேட்டுக்குத் தேவைப்படுகிற பலத்தைத்தான் உங்கள் தோல் வாங்கிக்கொள்கிறது. மறுகா கட்டியின் மேலிருக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு, பிரஷை நன்றாக உதறி, சொட்டாத ஈரத்தோடு கட்டியின் மேல் அரை நிமிடமாவது சுற்றுங்கள். சுற்றும்போது வருகிற நுரையைப் பார்த்து ஏமாந்து நிறுத்திவிடக் கூடாது. குமிழ் மறைந்து, பசை மாதிரி தடித்த ஒன்று பிரஷ் நுனிகளில் அப்பிக்கொள்ள வேண்டும். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் இந்தச் சுற்றலை இரண்டு மடங்காக்குங்கள், தண்ணீர் வீணாக்குகிற சோப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும் அல்லவா.

பிறகு கன்னத்திலோ ஒரு கிண்ணத்திலோ பிரஷைச் சுற்றிக்கொண்டே விரல் நுனியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். மங்கலாக, விறைத்து, காய்ந்த மாதிரித் தெரிந்தால் தண்ணீர் போதாது. பெரிய குமிழ் வந்து கன்னத்தில் வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, திரும்பக் கட்டிக்குப் போய்க் கொஞ்சம் சோப் எடுங்கள். சரியான நுரை எங்கள் எருமைத் தயிரை அடித்து வைத்தது போலப் பளபளவென்று, குமிழே தெரியாமல் இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழுக்க வேண்டும். வெள்ளையாக மலை போல நிற்பது முக்கியமில்லை, வழுக்குவதுதான் முக்கியம்.

கரையோரத்திலிருந்து வந்த ஒரு தம்பி, வயது இருபத்தைந்துக்குள் இருக்கும், "பிளேட்ட மாத்தி மாத்திப் பாத்திட்டன் டொக்டர், ஒண்டும் சரிவருதில்ல" என்றார். கழுத்தில் பத்துப் பன்னிரண்டு சிவப்பு முண்டு, கிட்டப் பார்த்தால் இரண்டில் முடி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பக் குத்திக்கொண்டு நிற்கிறது. நுரை நிற்காததால் ஒரே இடத்தில் நான்கைந்து தரம், அதுவும் கீழிருந்து மேலாக, அழுத்தி இழுத்திருக்கிறார். சுருட்டை முடிக்காரர்களுக்கு இதுதான் ஆபத்து, மிக ஒட்ட வெட்டிய முனை உள்ளேயே வளர்ந்துவிடும். சில வாரம் ரேசரைத் தொடாமல் டிரிமரால் மட்டும் வெட்டச் சொன்னேன், பிறகு நல்ல தண்ணீர், முடி போகிற திசையிலேயே ஒரு தரம், தோலை இழுத்துப் பிடிக்காமல், அழுத்தாமல். பூசுவதற்குக் கொடுத்தது மிகக் கொஞ்சம்தான். அடுத்த முறை வந்தபோது கழுத்து நன்றாக அமர்ந்திருந்தது.

எடுத்து முடிந்ததும் முகத்தில் சோப் மிச்சமில்லாமல் கழுவுங்கள். தோல் இலேசான அமிலத்தன்மை உள்ளது, சவர்க்காரம் காரம், அது தங்கினால் இழுத்துப் பிடித்து எரியும். கடினத் தண்ணீரில் கழுவினால் அந்தத் திரைந்த படை தோலிலேயே ஒட்டுகிறது, அதனால் கடைசிக் கழுவலுக்கும் அரைக் கோப்பை நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெட்டுக்குப் படிகாரம் வைக்கலாம், இரத்தம் நிற்கும். ஆனால் அந்தக் கட்டியை வீட்டில் எல்லோரும் பொதுவாகப் பாவிக்கக் கூடாது. சலூனிலும் அதே கட்டுப்பாடு வேண்டும். புதுப் பிளேட்டை உங்கள் கண் முன்னே உடைத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள், இரத்தத்தால் பரவுகிற ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் பழைய பிளேட்டில் வரக்கூடியவை. நல்ல சலூன்காரர் கோபிக்க மாட்டார்.

இவ்வளவும் செய்து சில வாரத்தில் குறையவில்லை, சீழ் வைக்கிறது, வட்டமாகப் படர்ந்து கடிக்கிறது என்றால் அது ஷேவ் எடுத்த எரிச்சல் இல்லை, கிருமியோ பூஞ்சணமோ இருக்கலாம். பாமசியில் கேட்டு ஸ்டீராய்ட் கிறீம் வாங்கிப் பூசாதீர்கள். பூஞ்சணத்துக்கு அதைப் பூசினால் இரண்டு நாள் சிவப்பு அடங்கும், பிறகு உருவம் மாறிப் பரவும், எங்களுக்கே அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும். ஏற்கெனவே பூசிவிட்டீர்களென்றால் மறைக்க வேண்டாம், வரும்போது அந்த டியூபையும் கையோடு கொண்டு வாருங்கள்.