குப்பைத் தொட்டியும் 400 மீட்டர் சரளைப் பாதையும்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், மலையடிவாரப் பள்ளத்தில் இருக்கும் அக்கா வீட்டு வாசலில் குப்பைத் தொட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். குப்பை லாரி வரும் சாலை மேலே, மரங்களுக்குப் பின்னால். வீட்டிலிருந்து அங்கே போக 400 மீட்டர் சரளைப் பாதை ஏற வேண்டும்.

"சக்கரம் இருக்குல்லடா, அதுபாட்டுக்கு வரும்" என்றாள் அக்கா.

அதுபாட்டுக்கு வரவில்லை. நூறு மீட்டருக்குள் மணிக்கட்டு வலித்தது. பாதி வழியில் தொட்டி ஒரு கல்லில் முட்டி, முரண்டு பிடிக்கும் மாடு மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் அதன் இரண்டு சக்கரங்களையும் முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். குறுக்களவு 25 சென்டிமீட்டர், உள்ளே காற்று கிடையாது, முழுக்கப் பிளாஸ்டிக். அச்சு என்பது வெறும் இரும்புக் கம்பி. பால்பேரிங் எல்லாம் இல்லை, பிளாஸ்டிக் ஓட்டைக்குள் கம்பி நேரடியாக உரசிக்கொண்டே சுற்றுகிறது.

இந்த வகைத் தொட்டியின் பூர்வீகத்தைப் பார்த்தால் சங்கதி புரியும். 1968இல் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில், ஃபிராங்க் ராதர்ஹாம் மோல்டிங்ஸ் என்ற நிறுவனம் இதை முதலில் செய்தது, தொழிற்சாலைக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கழிவைத் தள்ளிக்கொண்டு போவதற்கு. வழவழப்பான தரையில் பத்து, இருபது மீட்டர் உருள வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நகரத்து வீடுகளுக்கும் அது போதும்: வாசலிலிருந்து நடைபாதை ஓரம் வரை சிமெண்ட் தரை. கிராமத்து வீட்டின் நீண்ட பாதை அதன் கணக்கிலேயே இல்லை.

அன்று மாலை ஒரு சோதனை செய்தோம். அமெரிக்கா போய்வரும் எல்லாத் தமிழ்க் குடும்பத்திலும் ஒரு தொங்கு தராசு இருக்கும், பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்க. அக்கா வீட்டில் இருப்பது முள் ஆடும் பழைய ஸ்பிரிங் தராசு. மொத்தம் 50 கிலோ வரும்படி தொட்டியை நிரப்பினோம். அத்தான் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நான் அச்சில் கயிறு கட்டித் தராசால் இழுத்தேன். கார் நிறுத்தும் கொட்டகையின் சிமெண்ட் தரையில் முள் 1 கிலோவில் நின்றது. சரளையின் சமதளப் பகுதியில் 5 கிலோ. பாதையோரத்தில் கற்கள் தளர்ந்து குவிந்த இடத்தில் முள் நிற்கவே இல்லை, 10க்கும் 20க்கும் நடுவே குதித்தது.

அதே தொட்டி, அதே எடை, அதே அச்சு. ஐந்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அச்சின் உராய்வு என்றுதான் முதலில் தோன்றும். எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று அத்தானும் சொன்னார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அச்சுக்கம்பியின் ஆரம் 8 மில்லிமீட்டர், சக்கரத்தின் ஆரம் 125 மில்லிமீட்டர். உராய்வு நடப்பது சின்ன வட்டத்தில், அதை வெல்ல நாம் இழுப்பது பெரிய வட்டத்தின் விளிம்பில். ஆகவே அந்த உராய்வு நம் கைக்கு வந்து சேரும்போது பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சிமெண்ட் தரையில் பார்த்த 1 கிலோவில் பெரும்பகுதி அதுதான். எண்ணெய் விட்டால் கிறீச் சத்தம் நிற்கும். இழுவை பெரிதாகக் குறையாது.

மீதி 4 கிலோவும் தரையில் தொலைகிறது. சரளை திடமான தரை இல்லை. சக்கரம் ஏறும்போது கற்கள் விலகுகின்றன, ஒன்றோடொன்று உரசுகின்றன, கொஞ்சம் புதைகின்றன. சக்கரம் கடந்த பின் அவை பழைய இடத்துக்குத் திரும்பி நம்மை முன்னே தள்ளிவிடுவதில்லை. கொடுத்த ஆற்றல் போனது போனதுதான். புதைந்த சக்கரத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு சின்ன மேடு இருந்துகொண்டே இருக்கும். அதாவது தட்டையான பாதையிலும் அது ஓயாமல் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. கூழாங்கல் போட்ட பாதையில் இது இன்னும் மோசம், உருண்டைக் கற்கள் பிடிமானம் இல்லாமல் நழுவும். உடைத்த ஜல்லி கூர்முனைகளால் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் தேவலாம்.

முள் குதித்ததற்குக் காரணம் தனிக் கற்கள். இரண்டரை சென்டிமீட்டர் உயரமுள்ள அசையாத கல்லில் சக்கரம் முட்டுகிறது என்று வையுங்கள். கல்லின் விளிம்பைச் சுற்றித்தான் சக்கரம் திரும்பி ஏற வேண்டும். பாரம் அதைக் கீழே திருப்பப் பார்க்கிறது, நம் இழுப்பு மேலே திருப்பப் பார்க்கிறது. ஆரம் 12.5 சென்டிமீட்டர் என்றால், அச்சு மட்டத்தில் இழுப்பவர் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தில் முக்கால் பங்கு விசையைக் கொடுத்தாக வேண்டும். ஒரு சக்கரத்தின் மேல் 25 கிலோ இருந்தால் ஏறத்தாழ 19 கிலோ! ஒரு நொடிதான், ஆனால் வெடுக்கென்று வரும். முட்டுவது ஒரு சக்கரம் மட்டும் என்பதால் தொட்டி அந்தப் பக்கமாகத் திருகும், கைப்பிடி மணிக்கட்டை முறுக்கும். காலையில் எனக்கு நடந்தது இதுதான்.

இதே கல்லை சைக்கிள் சக்கரத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்கலாம். ஆரம் 32.5 சென்டிமீட்டர். தேவைப்படும் விசை முக்கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் என்று இறங்கிவிடுகிறது. மாட்டு வண்டிச் சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்ததன் நியாயம் இதுதான். கிராமப்புற அமெரிக்காவில் தொட்டியை அப்படியே தூக்கி, காற்றடைத்த பெரிய டயர் உள்ள தோட்ட வண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், சக்கரம் உள்ளதைச் சக்கரத்தின் மேல் ஏற்றுவது. ஆனால் அவர்கள் செய்வதுதான் சரி. காற்றடைத்த டயர் கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு போய்விடும், ஏறி இறங்குவதே இல்லை.

சரி, சக்கரத்தை விடுங்கள். தொட்டிக்குள் எதை எங்கே வைக்கிறோம் என்பதும் கைக்குத் தெரியும். நின்ற தொட்டியைப் பின்னால் சாய்க்கும்போது அதன் ஈர்ப்பு மையம் அச்சுக்கு நேர் மேலே வரும் ஒரு கோணம் உண்டு. அந்த இடத்தில் விரல் நுனியால் பிடித்தாலும் நிற்கும், பாரம் முழுவதும் சக்கரத்துக்குப் போய்விடும். அக்கா வீட்டுத் தொட்டியில், பொருள்கள் அடியில் கனமாக இருந்தால், அது சுமார் 37 டிகிரி. அப்போது கைப்பிடி தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருக்கும், கிட்டத்தட்ட இடுப்பு மட்டம். நல்ல வடிவமைப்பு.

ஆனால் அந்த வீட்டில் இரண்டு பூனைகள். பூனைகள் கழிவு போகும் மணலைத் திங்கட்கிழமை இரவு அள்ளி, மூட்டை கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே போடுவாள் அக்கா. ஈர்ப்பு மையம் 15 சென்டிமீட்டர் மேலே ஏறினால் அதே 37 டிகிரி சாய்வில் மையம் அச்சைத் தாண்டிக் கைப்பக்கம் வந்துவிடும். ஏறத்தாழ 8 கிலோ கையில் தொங்கும். 400 மீட்டருக்கு 8 கிலோ வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் இதுவும் ஒன்று. மணல் மூட்டையை அடியில் போடச் சொன்னேன். "அப்ப அதுக்கு முந்தி வந்த குப்பையை எல்லாம் வெளியே எடுத்துட்டு நீயே போடு" என்றாள். நியாயம்தான்.

வேடிக்கை என்னவென்றால், மொத்த வேலை அற்பம். சரளைக்கு 5 கிலோ, 20 மீட்டர் ஏற்றத்துக்காக இன்னொரு இரண்டரை கிலோ, 400 மீட்டர். பெருக்கினால் 30 கிலோஜூல், அதாவது 7 கிலோகலோரி. தசைகளின் வீணடிப்பையும் சேர்த்தாலும் இரண்டு மேரி பிஸ்கட்டுக்குள் அடங்கிவிடும். களைப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும் முன்கைத் தசை எதையும் நகர்த்துவதில்லை. இயற்பியல் கணக்கில் அது செய்யும் வேலை பூஜ்யம். ஆனால் சுருங்கிய நிலையிலேயே இருப்பதற்கு அது ஆற்றலை எரித்தபடி இருக்க வேண்டும், இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டமும் குறைகிறது. அதனால்தான் கால் வலிக்கும் முன்பே கை வலிக்கிறது.

தள்ளலாமா, இழுக்கலாமா? புல்தரை உருளையை வைத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சாய்வாகத் தள்ளினால் நம் விசையின் ஒரு பங்கு தொட்டியைத் தரைக்குள் அமுக்கும். இழுத்தால் அதே பங்கு தூக்கிவிடும். சரளையில் இழுப்பதே லாபம்.

காரில் கட்டி இழுக்கலாமே என்பீர்கள். அதற்கென்றே கார் பின்புறத்தில் மாட்டும் கொக்கிகள் விற்கிறார்கள். இங்கே ஒரு தலைகீழ் விஷயம் உண்டு. கைக்குத் தொல்லையாக இருந்த அந்த 8 கிலோ, காருக்கு வேண்டியது. டிரெய்லர் இழுப்பவர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பார்கள். கொக்கி உயரமாக இருந்து தொட்டி போதுமான அளவு சாயாவிட்டால், பாரம் அச்சுக்குப் பின்னால் போய், பின்பக்கம் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். அத்தான் புல்வெட்டும் வண்டியின் பின்னால் தொட்டியை நிமிர்த்திக் கட்டி ஒருமுறை கொஞ்சம் வேகமாகப் போனார். பூனை மணல் பாதை நீளத்துக்கும் கோலம் போட்டது.

இவ்வளவு பாடு எதற்கு, லாரியே வீட்டுக்கு வரட்டுமே என்று கேட்டேன். வந்தால் பாதை தாங்காது. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கு அருகே, இதற்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஓர் அச்சின் எடை கூடக்கூட, சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. கார் அச்சைப்போல் 10 மடங்கு கனமான லாரி அச்சு என்றால் 10,000 மடங்கு சேதம். தினம் ஒரு முறை கார் போய்வந்து ஏழு வருஷத்தில் கெடுப்பதை லாரியின் ஓர் அச்சு ஒரே தடவையில் கெடுத்துவிடும். அவர்கள் சோதித்தது தார், கான்கிரீட் சாலைகளை. சரளைப் பாதை அந்த அளவுக்குக்கூடத் தாங்காது. அதிலும் மார்ச், ஏப்ரலில் வெர்மாண்டில் சேற்றுக்காலம். உறைந்த மண் மேலிருந்து உருகும், அடியில் இன்னும் பனிக்கட்டி, தண்ணீர் இறங்க வழியில்லை. பாதை களியாகிவிடும்.

தொட்டியைச் சாலையோரமே நிரந்தரமாக வைத்துவிடவும் முடியாது. கரடி. வெர்மாண்ட் காடுகளில் கருங்கரடிகள் தாராளம். குப்பையை எடுக்கும் நாள் காலையில்தான் வெளியே வைக்க வேண்டும் என்கிறது மாநில வனவிலங்குத் துறை. 2020 ஜூலை முதல் உணவுக் கழிவைக் குப்பையில் போடக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அதனால் ஈரக்கனமும் வாடையும் குறைந்திருக்கின்றன, ஆனால் கரடிக்கு ஒரு காலி தயிர் டப்பாவின் வாசனை போதும்.

பனிக்காலத்தில் மட்டும் கதை மாறுகிறது. சின்னச் சக்கரம் பனியை உழும், உருளாது. அப்போது அத்தான் தொட்டியைப் படுக்கவைத்து, பிள்ளைகளின் பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் கட்டி இழுப்பார். பாரம் அகலமாகப் பரவுவதால் புதைவதில்லை. உரசும் சூட்டில் பனியின் மேல்தோல் லேசாக உருகி வழுக்குகிறது. இதை பௌடன், ஹியூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1939இலேயே சோதித்துக் காட்டினார்கள். கடுங்குளிரில் அந்த உருகல் நடக்காது, பனி மணல் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

மறு செவ்வாய் நான் இழுத்துப் போனபோது மணல் மூட்டை அடியில் இருந்தது, கார் டயர்கள் அமுக்கிக் கெட்டியாக்கிய தடத்திலேயே நடந்தேன். ஒரு தடவைதான் நின்றேன். லாரியின் கை நீண்டு, தொட்டியைக் கவ்வித் தலைகீழாகக் கவிழ்த்து, திரும்ப வைத்தது. பத்து நொடிகூட ஆகியிருக்காது, ஓட்டுநர் இறங்கவே இல்லை. காலித் தொட்டி இறக்கத்தில் முரசு மாதிரி அதிர்ந்துகொண்டே பின்னால் வந்தது. உள்ளே எதுவும் இல்லாததால் ஒவ்வொரு கல்லின் சத்தமும் காடு முழுக்கக் கேட்டது.