சுவரில் இரண்டு பென்சில் புள்ளிகள்

தரம் 10இல் நேர்கோட்டு இயக்கம் தொடங்கும் நாளில் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. "தெமோதர ஸ்டேஷன்ல இருந்து பதுளைக் கோச்சி புறப்படுது. வளைஞ்சு வந்து அதே ஸ்டேஷனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்துக்குள்ள நுழையுது. இப்ப அதோட இடப்பெயர்ச்சி என்ன?" என்று கேட்பேன். பாதிப் பேர் தண்டவாளத்தின் நீளத்தைக் கேட்பார்கள். கெட்டிக்காரர்கள் பூச்சியம் என்பார்கள். இரண்டும் பிழை.

மலைநாட்டுப் பாதையில் 44 அடி ஓடினால் 1 அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது கணக்கு. அதனால்தான் அந்த வளையம். கோச்சி சுற்றி ஓடியது தூரம். புறப்பட்ட புள்ளியில் இருந்து நிற்கும் புள்ளிக்கு இழுத்த நேர்கோடுதான் இடப்பெயர்ச்சி. அது நிலைக்குத்தாகக் கீழே போகிறது. பூச்சியம் என்றவர்கள் மலையைத் தாளில் தட்டையாக வரைந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கொழும்பு கோட்டையில் இருந்து பதுளைக்குத் தண்டவாளம் சுமார் 290 கிலோமீற்றர். நேர்கோட்டில் 130தான், அதுவும் கிழக்கே. பத்து மணித்தியாலப் பயணம் என்று வைத்தால் சராசரிக் கதி மணிக்கு 29 கிலோமீற்றர், சராசரி வேகம் கிழக்கு நோக்கி 13. வீட்டில் நாம் "வேகமா போறான்" என்று சொல்வது பாடத்தில் கதி. பாடத்தில் வேகம் என்றால் திசையும் வேண்டும். விடைத்தாள் திருத்தும்போது சரியான எண்ணை எழுதித் திசையை விட்ட பிள்ளைகளுக்குப் புள்ளி குறைப்பதுதான் எனக்கு எரிச்சலான வேலை.

இதெல்லாம் பரீட்சைக்குத்தானே என்று நானும் நினைத்திருந்தேன், ஒரு மழைக்காலத்தில் மாணவி ஒருத்தி தோட்டத்தில் தன் லயத்து வீட்டுச் சுவர் வெடிப்பைப் பற்றிக் கேட்கும் வரை. "சேர், வெடிப்பு பெருசாகுதுன்னு அம்மா சொல்றாங்க, அப்பா இல்லைங்கிறார். எப்படிக் கண்டுபிடிக்கிறது?" வெடிப்பின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இரண்டு பென்சில் புள்ளி வைத்து, இடைவெளியையும் திகதியையும் கொப்பியில் எழுதச் சொன்னேன். முதல் நாள் 84 மில்லிமீற்றர். மூன்றாம் கிழமை 91. அப்புறம் அவளே கவனித்த ஒன்றும் இருந்தது: பள்ளப் பக்கத்துப் புள்ளி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. விலகிய அளவு மட்டும் தெரிந்தால் பழைய சுவர் என்று சமாதானம் சொல்லலாம். சரிவை நோக்கிக் கீழே என்ற திசை வந்ததும் நான் சமாதானம் சொல்லவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் அந்தக் கொப்பியோடு போகச் சொன்னேன்.

இரண்டு புள்ளியையும் வெடிப்பின் ஒரே பக்கத்தில் வைத்திருந்தால் இடைவெளி மாறியே இருக்காது. இரண்டும் சேர்ந்தல்லவா நகரும். ஒரு பொருளின் நிலையைச் சொல்ல மாட்டேற்றுப் புள்ளி, அதாவது எதிலிருந்து அளக்கிறோமோ அந்தப் புள்ளி, வேண்டும் என்று கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுச் சரிவுகளில் கம்பி இழுத்து அளப்பதும் இதே முறைதான்: ஒரு முனை உறுதியான தரையில், மறுமுனை நகரும் என்று சந்தேகிக்கும் தரையில். மலை மொத்தமாக மெல்ல இறங்கும்போது லயத்துக்குள் இருப்பவருக்கு அடுப்பும் கட்டிலும் வைத்த இடத்திலேயே இருக்கும். கதவு இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, புதிதாக ஊற்று கிளம்புவது, ஊற்றுத் தண்ணீர் கலங்குவது ஆகியவைதான் வெளியே தெரியும் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் புள்ளி வைத்து மூன்று கிழமை காத்திருக்க வேண்டாம். வெளியேறிவிட்டு 117க்கு அழையுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

இப்போது அந்தப் பாடத்துக்கு வீட்டு வேலையாக வெடிப்பு அளக்கத்தான் கொடுக்கிறேன். வெடிப்பில்லாத வீட்டுப் பிள்ளைகள் தெமோதரக் கணக்கைச் செய்கிறார்கள்.